வெள்ளைச் சாலைகள்

ஆண்டுதோறும் மார்ச் மாதத் தொடக்கத்தில், பெரும்பாலும் தவக்காலத்தில், இத்தாலி நாட்டின் சியன்னா நகரில் ஒரு மிதிவண்டிப் பந்தயம் நடைபெறுகிறது. பந்தயத்தின் கடைசி ஏற்றம் ஃபோந்தேபிராந்தா வாயிலைக் கடந்ததும் குறுகலான ஒரு தெருவில் தொடங்குகிறது. நூறு அடி செல்வதற்குள் பதினாறு அடி உயரும் அளவுக்குச் செங்குத்தான தெரு அது. நூற்றெண்பது கிலோமீட்டருக்கு மேல் மிதித்துக் களைத்த வீரர்கள் அங்கேதான் வெற்றி தோல்வியைத் தீர்த்துக்கொள்கிறார்கள். அத்தெருவின் பெயர் புனித கத்தரீன் தெரு. 1347-இல் சாயத் தொழிலாளி ஒருவரின் மகளாக அப்பகுதியில் பிறந்து, 1376-இல் அவிஞ்ஞோன் நகருக்குச் சென்று, உரோமைக்குத் திரும்புமாறு திருத்தந்தை பதினோராம் கிரகோரியை வற்புறுத்திய அதே கத்தரீன். 1970-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அவரைத் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவித்தார்.

இப்பந்தயத்திற்கு ‘ஸ்த்ராதே பியாங்கே’ என்று பெயர். வெள்ளைச் சாலைகள் என்பது பொருள். சியன்னாவைச் சூழ்ந்த குன்றுகளில் தார் காணாத சரளைச் சாலைகள் பல உள்ளன. சுண்ணாம்பு கலந்த வெளிர்நிற மண்ணும் சிறு கற்களும் பரப்பியவை. வெயிலில் புழுதி, மழையில் சேறு. 2023 வரை பந்தயத்தின் மொத்தத் தொலைவு ஏறத்தாழ 184 கிலோமீட்டர். அதில் 63 கிலோமீட்டர் இத்தகைய சாலை. 2024-இல் தொலைவு 215 கிலோமீட்டராக நீண்டது. மிதிவண்டிப் பந்தயம் என்றாலே வழவழப்பான தார்ச்சாலை என்று எண்ணும் நமக்கு, உலகின் தலைசிறந்த வீரர்கள் வேண்டுமென்றே சரளையில் சறுக்கி விழுவது வியப்பளிக்கலாம். 2025-இல் சுலோவேனியா நாட்டு வீரர் தாதெய் பொகாச்சர் வழியில் விழுந்து, கையும் காலும் சிராய்த்துக் குருதி வழிய எழுந்து, மூன்றாம் முறையாக வெற்றி பெற்றார். அப்படி விழுந்து எழுவதைக் காண்பதற்கென்றே மக்கள் வேலியோரம் கூடுகிறார்கள்.

பந்தயத்தின் வரலாறு குறுகியது; ஆனால் அதன் வேர் சற்று ஆழத்தில் இருக்கிறது. 1997-இல் காயோலே என்னும் சிற்றூரைச் சேர்ந்த ஜியான்கார்லோ ப்ரோச்சி என்பவர் ‘லெரோயிக்கா’ என்ற பெயரில் ஒரு மிதிவண்டிப் பயணத்தைத் தொடங்கினார். வீரமிகு பயணம் என்று அதனைத் தமிழில் சொல்லலாம். முதலாண்டு வந்தவர்கள் 92 பேர். அவருடைய கவலை விளையாட்டைப் பற்றியது மட்டுமன்று. ஒன்றன்பின் ஒன்றாகத் தார் பூசப்பட்டு, வெள்ளைச் சாலைகள் மறைந்துகொண்டிருந்தன. சாலையைக் காக்க வேண்டுமானால் அதில் மனிதர் செல்ல வேண்டும் என்று அவர் கருதினார். 1987-க்கு முன் செய்யப்பட்ட பழைய மிதிவண்டிகளே அப்பயணத்தில் அனுமதிக்கப்படுகின்றன; கம்பளிச் சட்டையணிந்து, வழியில் ரொட்டியும் காய்கறிக் கஞ்சியும் திராட்சை இரசமும் உண்டு செல்கிறார்கள். ஆண்டு முழுவதும் எவரும் செல்லத்தக்கதாக 209 கிலோமீட்டர் நீளமுள்ள நிலையான வழித்தடம் ஒன்று வழிகாட்டிப் பலகைகளுடன் அமைந்துள்ளது. நம் வீட்டுத் திண்ணைகளில் துருப்பிடித்து நிற்கும் பழைய ஹெர்குலிசும் ராலேயும் அங்கே போனால் மாலை மரியாதை பெறும் போலும்!

இந்தப் பயணத்திலிருந்து பிறந்ததே தொழில்முறைப் பந்தயம். 2007 அக்டோபர் 9 அன்று நடந்த முதற்பந்தயத்தில் உருசிய வீரர் கோலப்னெவ் வென்றார். மறு ஆண்டு அது மார்ச் மாதத்திற்கு மாற்றப்பட்டது. சுவிட்சர்லாந்தின் கான்செலாரா 2008, 2012, 2016 ஆகிய ஆண்டுகளில் வென்றபோது, ஒரு சரளைச் சாலைப் பகுதிக்கே அவர் பெயரைச் சூட்டினார்கள். பெண்களுக்கான பந்தயம் 2015-இல்தான் வந்தது. கத்தரீனின் ஊரில் அதற்கு எட்டாண்டுகள் ஆயின. தொடக்கத்தில் பந்தயத்திற்குப் பொருளுதவி செய்து அதன் பெயரிலும் இடம்பெற்றது சியன்னாவின் மோந்தே தேய் பாஸ்கி வங்கி. 1472-இல் ஏழைகளுக்கு உதவும் கடனகமாகத் தொடங்கிய நிறுவனம் அது. ஏழைகளின் கடனகம் எவ்வாறு பெருவங்கியாயிற்று என்பது வேறொரு கட்டுரைக்குரிய செய்தி.

‘வீரமிகு’ என்று அவர்கள் போற்றும் காலத்தின் முகம் ஜீனோ பர்த்தாலி. ஃபுளோரன்சு நகரின் அருகே 1914-இல் பிறந்த இவர் 1938-இலும் 1948-இலும் பிரான்சு நாட்டுப் பெரும்பந்தயத்தில் வென்றவர். பக்தி மிக்க கத்தோலிக்கர். கார்மேல் மூன்றாம் சபையினர். அந்நாளில் மலைக் கணவாய்களின் சாலைகள் பெரும்பாலும் மண்ணும் சரளையுமே. 1943-44-இல் ஃபுளோரன்சின் கர்தினால் எலியா தல்லா கோஸ்தா யூத மக்களைக் காக்க அமைத்த மறைமுக வலையில் பர்த்தாலியும் சேர்ந்து, பயிற்சிக்குச் செல்பவர்போல அசிசிவரை மிதித்து, போலி அடையாள ஆவணங்களை வண்டியின் குழாய்களுக்குள் மறைத்துக் கொண்டுசென்றார் என்பது அவரைக் குறித்து வழங்கும் வரலாறு. இதன் சில கூறுகளை அண்மைக்கால வரலாற்றாசிரியர் சிலர் கேள்விக்குட்படுத்தியுள்ளனர். எனினும் எருசலேமிலுள்ள யாத் வாசேம் நிறுவனம் 2013-இல் அவரை நீதிமான்கள் வரிசையில் சேர்த்தது. பதக்கங்களைப் பேசிய அளவுக்கு இதனை அவர் தம் வாழ்நாளில் பேசவில்லை.

கரடுமுரடான சாலையைக் காக்கும் முயற்சி இத்தாலிக்கு மட்டும் உரியதன்று. பிரான்சு நாட்டில் பாரிசின் பக்கமிருந்து ருபே நகர்வரை நடைபெறும் பந்தயம் இன்னும் பழையது. நெசவாலை முதலாளிகள் இருவர் அதனை 1896-இல் உயிர்ப்புப் பெருவிழா நாளில் நடத்தத் திட்டமிட்டபோது, வீரர்களும் பார்வையாளர்களும் திருப்பலியைத் தவறவிடுவார்கள் என்று எதிர்ப்பு எழுந்தது. முதற்பந்தயம் ஏப்ரல் 19-இல் நடந்தது. அடுத்த ஆண்டே அது உயிர்ப்பு ஞாயிறன்று நடந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்! அப்பந்தயத்தின் புகழ் அதன் கல்பாவிய பாதைகள். 1960-களிலும் 70-களிலும், தொலைக்காட்சியில் தம் ஊர் பிற்பட்ட ஊராகத் தெரிந்துவிடுமே என்று நாணிய நகரத் தலைவர்கள், பந்தயம் வருமுன் அப்பாதைகளுக்குத் தார் பூசினார்கள். பின்னர் அதே கற்களைக் காப்பதற்குத் தன்னார்வலர் சங்கம் தோன்றியது. ஒரு தலைமுறை வெட்கப்பட்டதை அடுத்த தலைமுறை பெருமையாகக் கொண்டது.

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் எம்போரியா என்னும் ஊரில் 2006-இல் 34 பேருடன் தொடங்கிய இருநூறு மைல் சரளைப் பந்தயம் இன்று அவ்வகையில் உலகப் புகழ் பெற்றது. அந்நிலத்தின் தொல்குடியினரான கான்சா மக்களின் பெயரோடு ‘அழுக்கு’ என்னும் பொருள்தரும் சொல்லைச் சேர்த்து அதற்குப் பெயரிட்டிருந்தார்கள். விளையாட்டாக வைத்த பெயர்தான். ஆயினும் தங்கள் நிலத்திலிருந்து துரத்தப்பட்ட ஓர் இனத்தின் பெயர் அவ்வாறு வழங்குவது தகாது என்ற குரல் வலுத்து, 2020-இல் பெயர் மாற்றப்பட்டது. சாலை அழகானதுதான், ஆனால் அது யாருடைய நிலத்தில் செல்கிறது?

சியன்னாவைக் குறித்தும் இதே கேள்வியைக் கேட்க வேண்டியிருக்கிறது. அங்கே வெள்ளைச் சாலைகள் இவ்வளவு காலம் தாரில்லாமல் பிழைத்தது எப்படி? அந்தக் குன்றுகளில் பன்னூறாண்டுகள் வாரக்குடி முறை நிலவியது. விளைச்சலில் பாதி நிலக்கிழாருக்கு, பாதி உழுதவனுக்கு. வெள்ளைச் சாலைகள் அந்த வாரக்குடிகளின் மாட்டுவண்டிச் சாலைகள். இரண்டாம் உலகப் போருக்குப்பின், 1950-களிலும் 60-களிலும், அவர்கள் கூட்டங்கூட்டமாக நகரத் தொழிற்சாலைகளை நோக்கிச் சென்றார்கள். 1964-இல் புதிய வார ஒப்பந்தங்கள் சட்டப்படி தடைசெய்யப்பட்டன. ஆளில்லாத வீடுகளுக்கு யார் தார்ச்சாலை போடப் போகிறார்கள்? அவ்வாறு மறக்கப்பட்ட சாலைகளே எஞ்சின. பின்னர் அந்த வீடுகளை நகரத்தாரும் அயல்நாட்டாரும் வாங்கிச் செப்பனிட்டுக் குடியேறினர். இன்று நாம் படங்களில் காணும் சைப்பிரசு மரவரிசையும் வெண்புழுதியும் பேரழகே. ஆனால் அந்த அழகில் ஒரு பகுதி, சுமை தூக்கி நடந்தவர்கள் விட்டுப்போன வெறுமையால் வந்தது. ப்ரோச்சியின் முயற்சியை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்த உழவர்களின் நினைவையும் அவர் போற்ற விரும்பினார். ஆயினும் சாலையின் புழுதியை அவர்கள் எவ்வாறு உணர்ந்தார்கள் என்பதைக் கேட்க இன்று அங்கே அவர்களில் வெகுசிலரே உள்ளனர்.

நம் கல்வராயன் மலையில் அத்தகையோர் இன்னும் வாழ்கிறார்கள். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான இம்மலை கள்ளக்குறிச்சி, சேலம் மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது. 1976 ஜூன் மாதத்தில் அரசு தன் நேரடி ஆளுகைக்குள் கொண்டுவரும்வரை இங்கே ஜாகீர்தார் குடும்பங்களின் ஆட்சியே நடந்தது. மலையாளிப் பழங்குடி மக்கள் அவர்களுக்குக் கூலியின்றி உழைத்தார்கள். நாடு விடுதலை பெற்று இருபத்தொன்பது ஆண்டுகள் ஆன பின்பே மலைக்கு அந்த விடுதலை வந்தது. 2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகி, வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்ட வட்டமும் அமைந்தது. வெள்ளிமலைக்கும் கருமந்துறைக்கும் இன்று தார்ச்சாலையில் பேருந்து செல்கிறது. அந்தச் சாலையிலிருந்து பிரிந்து உள்ளூர்களுக்குச் செல்லும் வழிகள் பலவும் மண்ணும் கப்பியும்தான்.

அந்த வழிகளின் விலையை மரவள்ளிக் கிழங்கை வைத்தே அறியலாம். சாமையும் தினையும் விளைந்த மேட்டுநிலங்களில் இப்போது மரவள்ளி பெரும் பயிர். அது சேலம், ஆத்தூர்ப் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குச் செல்ல வேண்டும். பிடுங்கிய கிழங்கு சில நாள்களுக்குமேல் தாங்காது. மாவுச்சத்துக் குறையும், உள்ளே கறுக்கும். சரக்குந்து ஏறிவர இயலாத ஊரில், இறக்குகூலி கழித்து வியாபாரி சொல்வதே விலை. பேரம் பேசக் குடியானவனுக்கு நாளில்லை. நோய் வந்தால் நிலைமை இன்னும் கொடிது. கல்வராயன் மலைக்கு வடக்கே, வேலூர் மாவட்டத்து அல்லேரி மலையில் 2023 மே மாதம் பாம்பு தீண்டிய குழந்தையொன்று மருத்துவமனை சேருமுன் இறந்தது. பின்னர் சாலையில்லாத இடத்தில் ஊர்தி நின்றுவிட, தாய் அந்த உடலைச் சுமந்துகொண்டு மலையேறி நடந்ததை நாடே பார்த்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் அறுபதுக்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தபின், சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்வாதாரத்தையும் சாலை முதலிய அடிப்படை வசதிகளையும் குறித்துத் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது.

விடுமுறை நாள்களில் நகரத்து இளைஞர்கள் விலையுயர்ந்த மிதிவண்டிகளுடன் நம் மலைகளை நாடிவருவது பெருகியுள்ளது. 2008 முதல் ஆண்டுதோறும் நீலகிரியைச் சுற்றி நடைபெறும் மிதிவண்டிப் பயணம் தமிழகத்தில் இந்த ஆர்வத்தை வளர்த்தது. அது தார்ச்சாலைப் பயணம். சரளைப் பந்தயம் என்னும் புதிய மோகம் ஒருநாள் கல்வராயனுக்கும் வரலாம், வரட்டும். கரியாலூர்ப் பக்கத்துத் தேநீர்க் கடைக்காரருக்கு நான்கு காசு கிடைத்தால் நல்லதுதான். ஆனால் இந்த மண்பாதையின் இயற்கை எழில் கெடக் கூடாது, தார் போடாதீர்கள் என்று வந்து போகிறவர்கள் சொல்லும் நாளும் வரும். இயற்கையைக் காக்கும் கடமையை நம் திருச்சபை ஐயத்திற்கு இடமின்றிக் கற்பிக்கிறது. திருத்தந்தை பிரான்சிசு 2015-இல் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ என்னும் சுற்றுமடலை அவ்வேளையில் மேற்கோள் காட்டுவோரும் இருப்பர். அதே மடலின் 146-ஆம் பத்தியையும் அவர்கள் படிக்க வேண்டும். தொல்குடி மக்களைப் பத்தோடு பதினொன்றாக எண்ணாமல், அவர்கள் நிலத்தைத் தொடும் திட்டங்களில் அவர்களையே முதன்மை உரையாடலாளராகக் கொள்ள வேண்டும் என்பது அப்பத்தியின் கருத்து. சாலை வேண்டாம் என்று மலையூர் ஒன்று தானே முடிவு செய்தால் அது மதிக்கத்தக்கது. வந்துபோகும் விருந்தினர் அவ்வாறு முடிவு செய்வது வேறு.

சட்டத்திலும் இதற்கு இடமிருக்கிறது. நம் பங்கு மக்களுக்கும் இது பயன்படக்கூடும். 1980-ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, காட்டு நிலத்தைப் பிற பணிகளுக்கு மாற்ற நடுவண் அரசின் முன் ஒப்புதல் வேண்டும். பல மலைச்சாலைகள் கோப்புகளிலேயே கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் 2006-இல் இயற்றப்பட்ட வன உரிமைச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு, இரண்டாம் உட்பிரிவு, பள்ளி, மருந்தகம், அங்கன்வாடி, நியாயவிலைக் கடை, சாலை முதலிய பதின்மூன்று வகைப் பணிகளுக்கு விலக்கு அளிக்கிறது. ஒவ்வொரு பணிக்கும் ஒரு எக்டேருக்குக் குறைவான காட்டு நிலம். எக்டேருக்கு வெட்டப்படும் மரங்கள் எழுபத்தைந்துக்கு மேற்படக் கூடாது. ஐந்து மீட்டர் அகலச் சாலை என்று கொண்டால் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்கு இந்த நிலம் போதும். பிரதான சாலையிலிருந்து பிரியும் பல சிற்றூர் வழிகளுக்கு அவ்வளவே தேவை. இதற்குச் சட்டம் விதிக்கும் இன்னொரு நிபந்தனை கிராம சபையின் பரிந்துரை. கூட்டத்தில் அத்தீர்மானம் எழுதப்பட்டு நிறைவேறிய பின்னரே கோப்பு வனத்துறையின் மேசைக்குச் செல்ல முடியும்.