எல்லை கடந்து கார் வாங்குதல்: ஐரோப்பியப் பொதுச் சந்தையின் ஒரு வரலாறு

ஒரு நாட்டில் குடியிருப்பவர் அண்டை நாட்டுக்குச் சென்று, அங்குள்ள விலைக்குப் புதிய கார் ஒன்றை வாங்கி, தம் நாட்டில் பதிவு செய்து ஓட்டுவது மேற்கு ஐரோப்பாவில் இன்று வியப்பான செய்தி அன்று. ஆனால் சட்டப்படி என்றோ கிடைத்துவிட்ட இந்த உரிமை நடைமுறைக்கு வரப் பல ஆண்டுகள் பிடித்தன. தடையாக நின்றவை பெரும்பாலும் அரசுகள் அல்ல. கார் தயாரித்த நிறுவனங்களே.

1957இல் உரோமை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட ஆறு நாடுகளும் 1968 சூலை 1 முதல் தமக்குள் சுங்கத் தீர்வையை முற்றிலும் நீக்கின. அப்படியானால் ஒரே கார் பெல்சியத்தில் ஒரு விலைக்கும் செருமனியில் வேறொரு விலைக்கும் விற்க முடியாது என்றுதான் பொருளியல் பாடம் படித்த எவரும் எண்ணுவர். உண்மையில் விலைகள் வெகுவாக வேறுபட்டன. நாணய மதிப்பின் ஏற்ற இறக்கம் ஒரு காரணம். மற்றொன்று வரி. தென்மார்க்கில் காருக்கான பதிவு வரி மிக அதிகம். அதனையும் சேர்த்தால் மக்களால் வாங்க இயலாது என்பதால், நிறுவனங்கள் அங்கு வரிக்கு முந்தைய விலையைக் குறைத்தே வைத்தன. அந்தக் குறைந்த விலைக்கு வாங்கித் தம் நாட்டு வரியைச் செலுத்தும் அயல்நாட்டாருக்கு நல்ல ஆதாயம் கிடைத்தது. நிறுவனங்களுக்கு இது பிடிக்கவில்லை.

சான்றிதழ் என்னும் பூட்டு

காரை ஓட்டி வந்தால் மட்டும் போதாது. பதிவு செய்ய வேண்டும். அதற்கு, அந்தக் கார் நாட்டின் பாதுகாப்பு விதிகளின்படி ஒப்புதல் பெற்ற வகையைச் சேர்ந்தது என்று காட்டும் இணக்கச் சான்றிதழ் தேவை. பெல்சியத்தில் இச்சான்றிதழை வழங்கும் பொறுப்பைச் சட்டம் தயாரிப்பாளரிடமோ அவருடைய முகவரிடமோ விட்டிருந்தது. 1973இல் அங்கிருந்த செனரல் மோட்டார்சு கிளை, வெளிநாட்டிலிருந்து தனியார் கொண்டுவந்த ஐந்து ஓப்பல் கார்களுக்கு மிகையான கட்டணம் வாங்கியது. ஐரோப்பிய ஆணையம் அபராதம் விதித்தது. நிறுவனம் பணத்தைத் திருப்பிக் கொடுத்திருந்ததால் 1975இல் ஐரோப்பிய நீதிமன்றம் அபராதத்தை நீக்கியது. ஆயினும், சான்றிதழ் வழங்கும் தனியுரிமையை இறக்குமதியைத் தடுக்கப் பயன்படுத்துவது குற்றமாகலாம் என்ற கருத்து அத்தீர்ப்பில் பதிந்துவிட்டது.

அது பயன்பட்டது பிரித்தானியாவில். பர்மிங்காமில் தயாரான மெட்ரோ கார் ஐரோப்பியப் பெருநிலத்துக்கு ஏற்றுமதியாகி, அங்கே பிரித்தானியாவைவிட மலிவாக விற்றது. சிலர் அங்கு சென்று இடப்பக்க ஸ்டீயரிங் கொண்ட அதே காரை வாங்கித் திரும்பவும் கொண்டுவந்தனர். தான் பிறந்த ஊருக்குத் திரும்பிய காருக்குச் சான்றிதழ் தர பிரிட்டிசு லேலண்டு நிறுவனம் மறுத்தது. பிறகு கூடுதல் கட்டணம் கேட்டது. 1986இல் ஐரோப்பிய நீதிமன்றம் இதனை ஆதிக்க நிலையின் முறைகேடு எனத் தீர்ப்பளித்து, 3,50,000 எக்யூ அபராதத்தை உறுதி செய்தது. எக்யூ என்பது யூரோவுக்கு முன்பிருந்த கணக்கு நாணயம்.

வலப்பக்க ஸ்டீயரிங்

பிரித்தானியரும் நம்மைப் போலச் சாலையின் இடப்பக்கம் ஓட்டுபவர்கள். எனவே அவர்களுக்கு வேண்டியது வலப்பக்க ஸ்டீயரிங் உள்ள கார். செருமனியில் இருந்த போர்டு முகவர்கள் அத்தகைய கார்களையும் கேட்பவருக்குத் தருவித்துக் கொடுத்துவந்தனர். 1981 முதல், செருமானிய விலை மிகவும் குறைவாக இருந்ததால், பிரித்தானியரின் கேட்பு திடீரெனப் பெருகியது. 1982 ஏப்ரலில் கோல்ன் நகரப் போர்டு நிறுவனம் தன் முகவர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. மே 1 முதல் வலப்பக்க ஸ்டீயரிங் கார்களுக்கான ஆணைகள் ஏற்கப்படமாட்டா என்பதே அதன் சாரம்.

இது தான் தனியே எடுத்த முடிவு, எவருடனும் செய்த ஒப்பந்தம் அன்று, ஆகவே போட்டிச் சட்டம் பொருந்தாது என்று போர்டு வாதிட்டது. வாதம் கூர்மையானதே. ஆனால் முகவர்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தமே எந்தெந்த மாதிரிகள் வழங்கப்படும் என்பதை நிறுவனத்தின் முடிவுக்கு விட்டிருந்ததால், சுற்றறிக்கையும் அந்த ஒப்பந்த உறவின் பகுதிதான் என்று 1985 செப்டம்பரில் நீதிமன்றம் கூறியது. என் பார்வையில் இவ்வரலாற்றின் திருப்புமுனை இந்தத் தீர்ப்பே. இதன்பின் நிறுவனங்கள் தனி முடிவு என்ற போர்வைக்குள் எளிதில் ஒளிய முடியவில்லை.

அதே ஆண்டு சூலையில் 123/85 என்ற ஒழுங்குமுறை நடப்புக்கு வந்தது. இது ஒரு கொடுக்கல் வாங்கல். ஒவ்வொரு முகவருக்கும் தனி எல்லை வகுத்துக் கொள்ளும் சலுகை நிறுவனங்களுக்குக் கிடைத்தது. பதிலுக்கு, எந்த நாட்டு நுகர்வோரும் எந்த முகவரிடமும் நேரிலோ, எழுத்து மூலம் அமர்த்திய இடையாள் வழியாகவோ வாங்கலாம் என்பது உறுதி செய்யப்பட்டது.

இலீராவின் வீழ்ச்சியும் வோக்சுவேகனும்

1992 செப்டம்பரில் இத்தாலிய இலீரா ஐரோப்பிய நாணய மாற்று ஏற்பாட்டிலிருந்து வெளியேறி மதிப்பிழந்தது. கையில் மார்க்கு வைத்திருந்த செருமானியருக்கு, தம் நாட்டு வோக்சுவேகனும் ஆடியும் ஆல்ப்சு மலைக்குத் தெற்கே மலிவாகக் கிடைத்தன. ஆசுதிரியரும் அவ்வாறே சென்றனர். ஆனால் இத்தாலிய முகவர்கள் பலர், "வெளிநாட்டாருக்கு விற்பதில்லை" என்று கையை விரித்தனர். ஏமாந்து திரும்பியவர்கள் பிரசெல்சுக்குப் புகார்க் கடிதங்கள் எழுதினர்.

1995 அக்டோபரில் ஆணையத்தின் அலுவலர்கள் வோல்சுபர்க், இங்கோல்சுடாட் ஆகிய தலைமையகங்களிலும், வெரோனாவில் இருந்த இறக்குமதி நிறுவனமான ஆட்டோசெர்மாவிலும், சில முகவர்களிடமும் திடீர்ச் சோதனை நடத்தினர். அங்கே கிடைத்த ஆவணங்களில் முறைமை தெளிவாக இருந்தது. தம் எல்லைக்கு வெளியே முகவர் விற்ற கார்கள், மொத்த விற்பனையில் 15 விழுக்காடு வரை மட்டுமே ஊக்கத்தொகைக்குக் கணக்கிடப்பட்டன. மீறியவர்களுக்கு ஒப்பந்தம் ரத்தாகும் என்ற மிரட்டல் விடுக்கப்பட்டது; சிலருக்கு உண்மையிலேயே ரத்தானது.

1998 சனவரி 28 அன்று, கார்ல் வான் மியர்ட் போட்டித் துறைக்குப் பொறுப்பாக இருந்தபோது, ஆணையம் வோக்சுவேகனுக்கு 10.2 கோடி எக்யூ அபராதம் விதித்தது. தனியொரு நிறுவனத்தின் மீது அதுவரை விதிக்கப்பட்டவற்றுள் இதுவே மிகப் பெரியது. மேல்முறையீட்டில், குற்றம் நிகழ்ந்த காலத்தை 1993 முதல் 1996 வரை எனச் சுருக்கிய நீதிமன்றம், 2000இல் தொகையை 9 கோடி யூரோவாகக் குறைத்தது. 2003இல் அது இறுதியானது. ஓப்பலின் நெதர்லாந்துக் கிளை, டெய்ம்லர் கிரைசுலர், பெசோ ஆகியவையும் அடுத்தடுத்துத் தண்டிக்கப்பட்டன. டெய்ம்லர் மீதான அபராதத்தின் பெரும்பகுதி மட்டும் பின்னர் நீக்கப்பட்டது.

வாங்கியவர் செய்ய வேண்டியிருந்தவை

1993 முதல் புதிய காருக்கான மதிப்புக்கூட்டு வரி வாங்கிய நாட்டில் அன்றி, பதிவாகும் நாட்டில் செலுத்தப்பட்டது. எது புதிய கார் என்பதற்கும் வரையறை உண்டு. 1995 முதல், பயன்பாட்டுக்கு வந்து ஆறு மாதத்துக்கு மேற்படாத அல்லது 6,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடாத கார் புதியதாகக் கொள்ளப்பட்டது. 1998இல் எல்லாப் புதுக் கார்களுக்கும் ஐரோப்பிய அளவிலான வகை ஒப்புதல் கட்டாயமானதும், சான்றிதழ்ச் சிக்கல் ஏறக்குறைய தீர்ந்தது.

1990களின் பிற்பகுதியில் பவுன் வலுவாக இருந்ததால் பிரித்தானியரே அதிகம் கடல் கடந்தனர். பெல்சியத்திலோ நெதர்லாந்திலோ முன்பணம் கட்டி, மாதக்கணக்கில் காத்திருந்து, தற்காலிக எண் பலகையுடன் கப்பலில் காரை ஏற்றிக் கொண்டுவந்தனர். சுங்கத் துறையில் 17.5 விழுக்காடு வரியைச் செலுத்தி, அந்தத் தாளுடன் பதிவுக்கு விண்ணப்பித்தனர். ஊரில் இருந்த முகவரிடம் விலையைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசவும் இது உதவியது. பயணமே போகாதவர்களும் இதனால் பயனடைந்தனர்.

2002 அக்டோபரில் வந்த 1400/2002 ஒழுங்குமுறை முகவர்களின் எல்லைக் கட்டுப்பாட்டைப் பெரிதும் தளர்த்தியது. பழைய கார்களுக்கு மட்டும் வரித்தகராறு தொடர்ந்தது. 2004இல் ஒன்றியத்தில் சேர்ந்த போலந்து, செருமனியிலிருந்து குவிந்த பழைய கார்களுக்கு வயதுக்கேற்பக் கூடும் கலால் தீர்வையை 65 விழுக்காடு வரை விதித்தது. உள்நாட்டில் ஏற்கெனவே பதிவான அதே வகைப் பழைய காரின் விலையில் எஞ்சியிருக்கும் வரியைவிட இது மிகுமானால் செல்லாது என 2007 சனவரியில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பிரித்தானியருக்கு நிலைமை மீண்டும் மாறிவிட்டது. 2021 சனவரி 1 முதல், பெல்சியத்தில் வாங்கிய கார் இங்கிலாந்தில் இறங்கும்போது அது இறக்குமதிப் பொருள். ஐரோப்பிய ஒன்றியத்தில் உருவானது என்ற தோற்றச் சான்று இல்லாவிட்டால் 10 விழுக்காடு சுங்கத் தீர்வையும், அதற்கு மேல் 20 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரியும் கட்ட வேண்டும்.