கத்தக்குறிச்சி சாந்திக்கு யாரும் விளக்கம் கேட்கவில்லை

புதுக்கோட்டையின் பெருமைகளைச் சொல்லச் சொன்னால் நம் வயதுக்காரர்கள் சித்தன்னவாசல், திருமயம் கோட்டை, தொண்டைமான் மன்னர்கள், டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி என்று வரிசையாக ஒப்பிப்போம். கத்தக்குறிச்சி சாந்தி சௌந்தரராஜன் பெயர் அந்த வரிசையில் வருவதில்லை. யாராவது எடுத்துச் சொன்னாலும், "அந்தப் பொண்ணா, பாவம்" என்று குரலைத் தாழ்த்திக்கொள்கிறோம். இந்தப் "பாவம்" என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை. அவருக்கு நேர்ந்தது விதியால் வந்ததல்ல, நடைமுறையில் நடந்த ஒரு பிழை. முப்பது வருடத்துக்கு மேல் அரசாங்கக் கோப்புகளோடு காலம் கழித்தவன் என்ற முறையில், அந்தப் பிழையைப் பற்றி எழுத எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

சாந்தி 1981-ல் பிறந்தவர். பட்டியல் இனத்தைச் சேர்ந்த கூலிக் குடும்பம். தாயும் தந்தையும் செங்கல் சூளையில் வேலை பார்த்தவர்கள். ஐந்து பிள்ளைகள். வேலை இருக்கிற இடத்துக்குப் பெற்றோர் போய்விட, தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு சாந்தியின் தலையில் விழுந்தது. அவரை ஓட்டத்துக்குப் பழக்கியவர் தாத்தா. முதல் ஜோடி ஓட்டக் காலணி வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். நம் பக்கத்துச் செம்மண்ணில் வெறுங்காலோடு ஓடிப் பழகிய பெண், பள்ளிப் போட்டி, மாவட்டப் போட்டி, மாநிலப் போட்டி என்று படிப்படியாக ஏறினார். 2005-ல் தென்கொரியாவின் இன்சியோன் நகரில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். 2006-ல் கொழும்பில் நடந்த தெற்காசியப் போட்டியிலும் பதக்கங்கள். செங்கல் சூளையிலிருந்து அங்கே போய்ச் சேர்வது எத்தனை தூரம் என்பதை மீட்டர் கணக்கில் சொல்ல முடியாது.

அவர் ஓடிய 800 மீட்டருக்கே ஒரு வரலாறு உண்டு. நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் பாடப் புத்தகத்தில் ஜான் தார்க் உண்டு. அலீஸ் மிலியா என்ற பெயர் கிடையாது. நாந்த் நகரில் பிறந்த அந்த அம்மையார் படகு வலிக்கும் வீராங்கனை. ஒலிம்பிக்கில் பெண்களுக்குத் தடகளம் வேண்டும் என்று கேட்டார், மறுத்துவிட்டார்கள். "சரி, நாங்களே நடத்திக்கொள்கிறோம்" என்பது போல 1921-ல் பெண்களுக்கென்று ஒரு சர்வதேசச் சம்மேளனம் தொடங்கி, 1922-ல் பாரீஸில் பெண்களுக்கான உலகப் போட்டியை நடத்திக் காட்டினார். அந்த நெருக்கடியில்தான் 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு ஐந்தே ஐந்து தடகளப் போட்டிகள் கிடைத்தன. அதில் ஒன்று 800 மீட்டர்.

இறுதி ஓட்டத்தில் ஒன்பது பெண்கள் ஓடினார்கள். ஜெர்மனியின் லீனா ராட்கே 2 நிமிடம் 16.8 விநாடியில் முதலாவதாக வந்தார். மறுநாள் சில பத்திரிகைகள், பெண்கள் பாதி பேர் மயங்கி விழுந்தார்கள், பார்க்கவே பரிதாபம் என்று எழுதின. ஒன்பது பேரும் ஓட்டத்தை முடித்தார்கள் என்பதுதான் உண்மை. ஓடி முடித்ததும் களைப்பில் உட்கார்வது ஆண்களும் செய்வதுதானே? ஆனால் பத்திரிகைச் செய்தியே தீர்ப்பாகிவிட்டது. பெண்களுக்கான 800 மீட்டரை ஒலிம்பிக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். அது திரும்பி வந்தது 1960 ரோம் ஒலிம்பிக்கில். முப்பத்திரண்டு வருடம்! ஓடிய பெண்களை அழைத்து "உங்களுக்கு என்ன ஆயிற்று?" என்று கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் தீர்ந்திருக்கும் விஷயம்.

இனி தோஹாவுக்கு வருவோம். 2006 டிசம்பர், ஆசிய விளையாட்டுப் போட்டி. 800 மீட்டர் என்பது மைதானத்தை இரண்டு சுற்று. முதல் வளைவு வரை அவரவர் பாதையில் ஓட வேண்டும், அதன்பின் எல்லோரும் உள்பக்கத்துக்கு வந்துவிடலாம். முழங்கை இடிக்கும், கால் தடுக்கும். வேகம் மட்டும் இருந்தால் போதாது, எந்த இடத்தில் மூச்சைச் சேமிப்பது, எந்த இடத்தில் செலவழிப்பது என்ற கணக்கும் வேண்டும். பஹ்ரைனின் மரியம் யூசுஃப் ஜமால் முதலாவது. சாந்தி 2 நிமிடம் 3.16 விநாடியில் இரண்டாவது. கஜகஸ்தானின் விக்டோரியா யலோவ்த்சேவா மூன்றாவது. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையே 0.03 விநாடி. கண் இமைக்கும் நேரம்கூட இல்லை.

பதக்கம் வாங்கி ஊர் திரும்பிய சில நாட்களில் அது போயிற்று. தோஹாவில் மருத்துவர்கள் அவரிடம் பாலினப் பரிசோதனை நடத்தியிருந்தார்கள். அதில் தேறவில்லை என்று செய்தி வந்தது. பிறகு பல பேட்டிகளில் அவர் சொன்னது இதுதான்: என்ன பரிசோதனை என்று புரியும்படி யாரும் சொல்லவில்லை, இனி ஓட முடியாது என்று தொலைபேசியில்தான் சொன்னார்கள். மருத்துவ ரகசியமாக இருக்க வேண்டிய விவரம் தொலைக்காட்சியில் ஓடியது. பெற்றோர்கூட அறியாத ஒன்றை ஊரே பேசியது. 25 வயதுப் பெண், பிறந்த நாள் முதல் பெண்ணாகவே வளர்ந்தவர். அந்த வீட்டில் அந்த வாரம் எப்படிக் கழிந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

எழுத்தராக இருந்த காலத்தில் நான் எழுதாத சான்று இல்லை. சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, வாரிசுச் சான்று. இப்போது என் முறை. ஓய்வூதியம் வாங்க, உயிரோடு இருக்கிறேன் என்று நானே வருடாவருடம் சான்று காட்ட வேண்டியிருக்கிறது! ஆனால் விளையாட்டு உலகத்தில் பெண்ணுக்குப் பெண் என்றே சான்று கேட்டார்கள். 1966-ல் ஐரோப்பியத் தடகளப் போட்டியில் வீராங்கனைகளை மருத்துவர்கள் முன் ஆடையின்றி நிற்க வைத்தார்கள். அது அசிங்கம் என்று தெரிந்ததும், 1968 மெக்சிகோ ஒலிம்பிக் முதல் வாய்க்குள் பஞ்சு வைத்துத் துடைத்து குரோமோசோம் பார்க்கத் தொடங்கினார்கள். தேறியவர்களுக்கு அட்டை கொடுத்தார்கள்.

ஸ்பெயினின் தடை ஓட்ட வீராங்கனை மரியா ஹோசே மார்த்தினேஸ் பத்தின்யோ அந்த அட்டையை 1985-ல் ஜப்பானுக்கு எடுத்துப் போக மறந்துவிட்டார். மறுபடியும் பரிசோதித்தார்கள். குரோமோசோம் ஆணுக்குரியது என்று வந்தது. அவருடைய உடலோ ஆண் ஹார்மோனை ஏற்கவே ஏற்காத உடல். அதனால் ஓட்டத்தில் லாபம் எதுவும் கிடையாது. சாதனைகளையும் உதவித்தொகையையும் பறித்தார்கள். அவர் விடாமல் வாதாடினார். 1988-ல் மீண்டும் ஓட அனுமதி கிடைத்தது. எல்லோருக்கும் கட்டாயப் பரிசோதனை என்ற முறையைத் தடகளச் சம்மேளனம் 1990-களின் தொடக்கத்தில் கைவிட்டது. 2000 சிட்னி ஒலிம்பிக்கிலிருந்து ஒலிம்பிக் கமிட்டியும் கைவிட்டது. ஆனால் சந்தேகம் வந்தால் பரிசோதிக்கலாம் என்ற வழி திறந்தே இருந்தது. சாந்தி அந்த வழியில் அகப்பட்டார்.

சரி, அவர் உடல் அமைப்பால் அநியாயமான வேகம் கிடைத்ததா? எண்களைப் பார்ப்போம். அன்றைய உலக சாதனை 1 நிமிடம் 53.28 விநாடி. சாந்தி அதற்குக் கிட்டத்தட்ட பத்து விநாடி பின்னால். உலக அளவு வேண்டாம், நம் நாட்டையே எடுத்துக்கொள்வோம். 1995-ல் சென்னையில் ஷைனி வில்சன் ஓடிய நேரம் 1 நிமிடம் 59.85 விநாடி. சாந்தி தோஹாவில் ஓடியது அதைவிட மூன்று விநாடிக்கு மேல் மெதுவாக. இந்த எண்கள் மருத்துவ முடிவு ஆகாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் "இதற்கு என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்க ஒரு மேசையாவது இருந்திருக்க வேண்டும்.

அரசு ஊழியர்களாக இருந்தவர்களுக்கு 17(பி) மெமோ என்றால் இன்றும் வயிற்றைக் கலக்கும். நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் ஒரு கோப்பு காணாமல் போனதற்கு உதவியாளர் ஒருவருக்கு அது வந்தது. குற்றச்சாட்டு என்ன, ஆதாரம் என்ன என்று எழுத்தில் கொடுத்தார்கள். பதில் எழுத அவகாசம் கொடுத்தார்கள். விசாரணை அதிகாரி வந்து உட்கார்ந்தார். அந்த விசாரணையில்தான் கோப்பு வேறொரு பிரிவின் கட்டுக்குள் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது தெரிய வந்தது. இன்கிரிமெண்ட் வெட்டுக்கே இத்தனை படிகள். அந்தப் படிகளைத் தாண்டிப் போட்ட உத்தரவு தீர்ப்பாயத்தில் நிற்காது. கேட்காமல் தண்டிக்கக் கூடாது என்பதைக் கடைநிலை எழுத்தரும் அறிவார். ஒரு பெண்ணின் பதக்கம், பிழைப்பு, பெயர் மூன்றையும் எடுப்பதற்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதும் என்றால் அது என்ன நியாயம்?

மறுபக்கமும் உண்டு. 0.03 விநாடியில் மூன்றாவதாக வந்த கஜகஸ்தான் பெண்ணும் உழைத்துத்தான் ஓடினார். பெண்கள் பிரிவு என்று ஒன்று இருந்தால் அதற்கு ஒரு வரையறை வேண்டும் என்று கேட்பவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் அல்ல. உலகத் தடகள அமைப்பு 2025 முதல் பெண்கள் பிரிவுக்கு மரபணுப் பரிசோதனையை மீண்டும் கொண்டுவந்திருக்கிறது. விதி எது சரி என்பதில் அறிஞர்களே ஒன்றுபடவில்லை. என் வாதம் விதியைப் பற்றியது அல்ல. விதி எதுவானாலும் பாதிக்கப்படுகிறவரைக் கேட்டாக வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் இதைத் தற்காப்பு உரிமை என்பார்கள், நம் சட்டத்தில் இயற்கை நீதி.

கேட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பின்னால் வந்தவர்களே சாட்சி. ஒடிசாவின் தூத்தி சந்த் 2014-ல் இதே காரணத்துக்காக நிறுத்தப்பட்டார். அவர் சுவிட்சர்லாந்தில் உள்ள விளையாட்டு நடுவர் மன்றத்துக்குப் போனார். 2015-ல் அந்த மன்றம், ஆதாரம் போதவில்லை என்று விதியையே நிறுத்தி வைத்தது. தூத்தி 2018 ஆசியப் போட்டியில் 100, 200 மீட்டர் இரண்டிலும் வெள்ளி வாங்கினார். மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட் 2024 பாரீஸ் ஒலிம்பிக்கில் இறுதிப் போட்டியன்று காலை 100 கிராம் எடை கூடியதால் தகுதி இழந்தார். ஒரே வாரத்தில் அதே மன்றம் அவர் தரப்பைக் கேட்டது. முறையீடு தள்ளுபடிதான், ஆனால் காரணங்கள் எழுத்தில் கிடைத்தன. தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமன்யா, அதே 800 மீட்டர்க்காரி, ஸ்த்ராஸ்பூர் நகரில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார். 2025 ஜூலையில் அந்த நீதிமன்றம், சுவிஸ் நீதிமன்றத்தில் அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று தீர்ப்பளித்தது. இவர்களுக்கெல்லாம் வழக்கறிஞர் இருந்தார்கள், துணைக்கு ஆள் இருந்தார்கள். 2006-ல் கத்தக்குறிச்சிப் பெண்ணுக்கு யார் இருந்தார்கள்?

2007-ல் சாந்தி உயிரையே விடத் துணிந்தார், நல்லவேளையாகக் காப்பாற்றப்பட்டார். தமிழக அரசு கொடுத்த 15 லட்சம் ரூபாயைத் திரும்பக் கேட்கவில்லை. அதை நன்றியோடு சொல்ல வேண்டும். அந்தப் பணத்தில் அவர் நிலமோ நகையோ வாங்கவில்லை. புதுக்கோட்டையில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி மையம் தொடங்கினார். பணம் தீர்ந்தது. 2012-ல் அவர் நாளொன்றுக்கு 200 ரூபாய் கூலிக்குச் செங்கல் சூளையில் வேலை செய்வதாகச் செய்தி வந்தது. பெற்றோர் எங்கே தொடங்கினார்களோ அங்கேயே அவர் திரும்பி நின்றார். பிறகு பெங்களூரில் பயிற்றுநர் பட்டயப் படிப்பு முடித்தார், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்றுநர் ஆனார். தன்னை ஓடவிடாத உலகத்துக்கு அவர் கொடுத்த பதில், பிறரை ஓடவைப்பது.

டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி நம் மன்னர் கல்லூரியில் சேர வந்தபோது, ஒரு பெண் எப்படி இங்கே படிப்பது என்று எதிர்ப்பு எழுந்தது. மன்னர் விசாரித்து இடம் கொடுத்தார். அவரால் நமக்கு ஒரு வரலாறு கிடைத்தது. சாந்தி விஷயத்தில் விசாரிக்க வேண்டியவர்கள் விசாரிக்கவில்லை. பதக்கம் இன்றுவரை திரும்பவில்லை. அது நம் கையில் இல்லை. மாவட்டத்துப் பெருமைகளைப் பேரப்பிள்ளைகளிடம் சொல்லும்போது, குரலைத் தாழ்த்தாமல் சாந்தியின் பெயரையும் 2 நிமிடம் 3.16 விநாடியையும் சேர்த்துச் சொல்வது நம் கையில் இருக்கிறது.