சில்லறை என்னும் சொல்

தமிழில் பணத்தைக் குறிக்க வழங்கும் சொற்களை வரிசைப்படுத்திப் பார்த்தால், அவற்றுட் பல ஒரு காலத்தில் ஏதேனும் ஒரு குறிப்பிட்ட நாணயத்தின் பெயராக இருந்து, அந்த நாணயம் வழக்கொழிந்த பின்னரும் தாம் அழியாமல், செல்வம் என்னும் பொதுப்பொருளை ஏற்றுக்கொண்டு வாழ்பவை என்பது புலப்படும். பணம் என்பது பொன்னில் அடித்த மிகச் சிறிய நாணயம் ஒன்றின் பெயர். காசு, பிற்காலத்தில் செப்பு நாணயத்திற்கு நிலைத்த பெயர். சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியார் வைத்திருந்த கணக்கின்படி 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். துட்டு என்பது டச்சு வர்த்தகர்களோடு வந்திறங்கிய 'துயிட்' என்னும் செப்புக்காசு. இவை யாவும் சிறப்புப்பெயராகப் பிறந்து பொதுப்பெயராக முதிர்ந்தவை. இவற்றிற்கு நேர்மாறாக, பொதுப்பெயராகப் பிறந்து நாணயத்தின்மேல் வந்து அமர்ந்த சொல் ஒன்று உண்டு. அதுவே சில்லறை.

சிறுமை, சின்மை என்னும் இரண்டையும் உணர்த்தும் 'சில்' என்பது இச்சொல்லின் அடி. 'சில' என்னும் எண்ணுப்பெயரும், தேங்காய்ச் சில்லு, கண்ணாடிச் சில்லு, பாண்டியாடும் சிறுமியர் எறியும் ஓட்டுச் சில்லு என்று நாம் சொல்லும் 'சில்லு'ம் அதே அடியின் கிளைகளே. தெலுங்கில் சில்லர, கன்னடத்தில் சில்லரெ, மலையாளத்தில் சில்லற என்று அண்டை மொழிகளிலும் வழங்குவதால், இதைத் தென்னாட்டுச் சந்தைகள் அனைத்திற்கும் பொதுவான சொத்து என்று சொல்லலாம். சில்லறைச் சாமான், சில்லறைச் செலவு, சில்லறைக் கடன், சில்லறை வேலை ஆகிய பிரயோகங்களில் உதிரியானது, பெரியதொன்றில் சேராமல் நிற்பது என்னும் பொருள் தெளிவாக இருக்கிறது. 'ஆயிரத்துச் சில்லறை ரூபாய்' என்னும்போது, முழுத்தொகைக்கு மேல் நிற்கும் மிச்சம் என்று அப்பொருள் இன்னும் கூர்மை அடைகிறது.

பணத்தைச் சேர்ந்த சொற்கள் மனிதனின் குணத்தையும் அளக்கப் புறப்படுவது உலக இயல்பு. அந்த விஷயத்தில் தமிழ் சற்றுப் பாரபட்சமாகவே நடந்துகொண்டிருக்கிறது. வடமொழி 'நாணக'த்திலிருந்து வந்த நாணயம் சொன்ன சொல் தவறாத நேர்மைக்குப் பெயராயிற்று. சில்லறையோ 'சில்லறைப் புத்தி', 'சில்லறைத்தனம்' என்று அற்பத்தனத்திற்கு அடைமொழியாயிற்று. முன்னதைக் கௌரவித்து பின்னதை இழிவுபடுத்திய அதே ஜனங்கள்தாம், நாள்தோறும் காலையில் பாலுக்கும் கீரைக்கும் பஸ்ஸுக்கும் பின்னதைத் தேடி அலைந்தார்கள் என்பது இந்தச் சரித்திரத்தின் வேடிக்கை.

சில்லறை எந்த நாணயத்தின் பெயரும் அன்று; ஒரு தொகைக்கும் இன்னொரு தொகைக்கும் உள்ள சம்பந்தத்தின் பெயர் என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது. ரூபாய் வைத்திருந்தவனுக்கு அணா சில்லறை. அணா வைத்திருந்தவனுக்குத் தம்பிடி சில்லறை. நூறு ரூபாய் நோட்டை நீட்டுபவனுக்குப் பத்து ரூபாய் நோட்டே சில்லறை. 2011ஆம் ஆண்டின் நாணயச் சட்டமும், ஒரு ரூபாயும் அதற்கு மேற்பட்டதுமான நாணயங்கள் 1,000 ரூபாய் வரையிலும், ஐம்பது காசு நாணயம் 10 ரூபாய் வரையிலுமே செல்லும் என்று வரம்பு கட்டியிருப்பதால், சில்லறையின் அதிகாரம் சிறு தொகைகளோடு நின்றுவிட வேண்டும் என்பதே சர்க்காரின் அபிப்பிராயமும் ஆகிறது.

இவ்வளவு எளிய பண்டம் அடிக்கடி கிடைக்காமற் போனதற்குக் காரணம், அது உலோகமாகவும் பணமாகவும் ஒரே சமயத்தில் இருக்க நேர்ந்ததே. உலோகத்தின் விலை ஏறும்போது நாணயம் தன் முகமதிப்பைவிட மதிப்புடையதாகிப் பெட்டிக்குள்ளோ உலைக்குள்ளோ போய்விடுகிறது. முதல் உலகப்போரில் வெள்ளி விலை ஏறியதால் 1917இல் ஒரு ரூபாய் நோட்டு முதன்முதலாக வெளிவந்தது; அதைத் தொடர்ந்து 1918, 1919 ஆண்டுகளில் இரண்டணா, நாலணா, எட்டணாக்கள் வெள்ளியைத் துறந்து செம்பு-நிக்கல் கலவைக்கு மாறின. இரண்டாம் போரில், 1940இல், ஜனங்கள் நாணயங்களைப் பதுக்கத் தொடங்கவே, சொந்தத் தேவைக்கு மேல் நாணயம் சேர்ப்பது குற்றமென்று சர்க்கார் உத்தரவிட வேண்டியதாயிற்று. 1943இல் செம்பை மிச்சப்படுத்த நடுவில் துளையிட்டு வெளியிடப்பட்டதே நம் முந்தைய தலைமுறையினர் நன்கு அறிந்த ஓட்டைக் காலணா. சுதந்திரத்திற்குப் பின்னரும் இக்குறை தீர்ந்தபாடில்லை. 1985இல் ரூபாயும் ஐம்பது காசும் இருபத்தைந்து காசும் பிரிட்டன், கொரியா, கனடா தேசங்களின் நாணயசாலைகளில் அடித்துக் கப்பலேறி வந்தன. பம்பாய், கல்கத்தா, ஹைதராபாத் நாணயசாலைகள் போதாமல் 1988இல் நொய்டாவில் நான்காவது எழுந்தது. பின்னாளில் எஃகு நாணயங்களைச் சவரப் பிளேடுக்காக எல்லை தாண்டிக் கடத்தி உருக்குகிறார்கள் என்ற செய்தியும் கல்கத்தாப் பக்கமிருந்து வந்தது.

தட்டுப்பாடு நேர்ந்த காலங்களில் வியவகாரம் நின்றுவிடவில்லை. கடைக்காரர் மீதிக்குப் பதிலாக மிட்டாய் கொடுத்தார். கண்டக்டர் டிக்கெட்டின் பின்புறம் தொகையை எழுதி, இறங்கும்போது வாங்கிக்கொள்ளச் சொன்னார். நூறு ரூபாய்க்குச் சில்லறை வேண்டுமானால் கமிஷன் கழித்துக்கொண்டு கொடுக்கும் தரகரும் தோன்றினார். 'சில்லறை இல்லை' என்ற இரண்டு சொற்களைப் பல சமயங்களில் உண்மையாகவும் சில சமயங்களில் சாமர்த்தியமாகவும் சொன்னதில், கோடிக்கணக்கான சிறு மீதிகள் உரியவரைச் சேராமலே போயின.

நாணயங்கள் மாறியபோதும் சொல் தளரவில்லை. 1957 ஏப்ரல் 1ஆம் தேதி ரூபாய் நூறு நயாபைசா ஆயிற்று. 1964இல் 'நயா' உதிர்ந்தது. ஆயினும் இருபத்தைந்து காசு நாலணாவாகவும் ஐம்பது காசு எட்டணாவாகவும் ஜனங்களின் வாயில் நீடித்தன. 2011 ஜூன் 30ஆம் தேதியோடு நாலணாவும் அதற்குக் கீழ்ப்பட்டவையும் சட்டப்படி செல்லாமற் போயின. 2016 நவம்பர் 8ஆம் தேதி இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாதென அறிவிக்கப்பட்டு, அடுத்து வந்த 2,000 ரூபாய் நோட்டை மாற்ற வழியின்றி ஜனங்கள் திண்டாடியபோது, ஒரு தலைமுறைக்கு முன் சம்பளக் கவரில் கௌரவமாக வீற்றிருந்த நூறு ரூபாய் நோட்டும் சில்லறை என்னும் வகுப்பில் வந்து சேர்ந்தது.

அதே 2016 ஏப்ரலில் தொடங்கிய யு.பி.ஐ. என்னும் முறை இன்று பூக்கூடையின் ஓரத்திலும் இளநீர் வண்டியிலும் கறுப்புவெள்ளைக் கட்ட அட்டையாகத் தொங்குகிறது. இதைக் 'காசில்லாப் பொருளாதாரம்' என்கிறார்கள். கணக்கு வேறு விதமாக இருக்கிறது. 2016 நவம்பரில் சுமார் 18 லட்சம் கோடி ரூபாயாக இருந்த நோட்டுப் புழக்கம் 2024இல் சுமார் 35 லட்சம் கோடியாக வளர்ந்திருக்கிறது. ஆகவே நோட்டு எங்கும் போய்விடவில்லை. அது பீரோவில் சேமிப்பாக உட்கார்ந்துகொள்ள, அன்றாடக் கொடுக்கல் வாங்கலில் மீதி கொடுக்கும் வேலையே மறைந்து வருகிறது. சரியான பெயர் சொல்வதானால் இது 'சில்லறையில்லாப் பொருளாதாரம்'. இதில் இன்னொரு விசித்திரமும் உண்டு. கைக்கு எட்டாமல் மறைந்துபோன பைசா, தொலைபேசிக் கணக்கில் உயிர்பெற்றுவிட்டது. 147 ரூபாய் 35 பைசா என்ற பில்லை, ரொக்கமாகக் கொடுப்பவர் 147 ஆகவோ 148 ஆகவோ திருத்திக்கொள்ள, தொலைபேசியில் கொடுப்பவர் பைசா பிசகாமல் செலுத்துகிறார்.

சொல்லுக்கும் புதுவாழ்வு வாய்த்திருக்கிறது. சில்லறை வர்த்தகம், சில்லறைப் பணவீக்கம் என்று பத்திரிகைகளில் அது இப்போது மிகுந்த மரியாதையோடு நடமாடுகிறது. யு.பி.ஐ.யை நடத்தும் கழகம் 2008இல் தோன்றியதே சில்லறைப் பணப்பரிவர்த்தனைக்காக. ரிசர்வ் வங்கி 2022 டிசம்பர் 1ஆம் தேதி சோதனையாக வெளியிட்ட மின்ரூபாய்க்கும் சில்லறை மின்ரூபாய் என்றே பெயர். அந்த மின்ரூபாயும் நோட்டு, நாணயங்களின் அதே மதிப்புகளில் வருகிறது என்பதால், உலோகமே இல்லாத இடத்திலும் முழுதைத் துண்டாக்கும் பழைய ஏற்பாடு தொடர்கிறது.

நாணயம் அடிக்கும் செலவைக் கணக்கிட்டு, அதை நிறுத்திவிடலாம் என்று வாதிப்போர் இந்தச் சொல்லின் சம்பந்தப் பொருளை மறந்துவிடக் கூடாது. ஒருவனுக்கு மிச்சமாக இருப்பது மற்றொருவனுக்கு முழுமுதலாக இருக்கக்கூடும். கையில் தொலைபேசி இல்லாத முதியவரும், தட்டில் விழும் நாணயத்தை நம்பி வாழ்பவரும், ஐந்து ரூபாய்க்குக் கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் கேட்பவரும் இருக்கும்வரையில், மீதியை மிச்சமின்றித் திருப்பித் தருவதற்கான சாதனத்தைப் போதிய அளவில் அடித்துப் புழக்கத்தில் விடுவது சர்க்காரின் கடமையே. அந்தக் கடமையை மட்டும் சில்லறை விஷயம் என்று ஒதுக்க முடியாது.