எட்டொன்றாய் வற்றிய குடிநீர்

மாரி தொடங்கிவிட்டால் கிராண்ட்பாஸ் வீடுகள் பலவற்றில் ஒரே மணம் எழும். அடுப்பிலே கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் கொதிக்கும். தமிழர் வீட்டிலும் அம்மணமே. சிங்களவர் வீட்டிலும், முஸ்லிம் அன்பர் வீட்டிலும் அம்மணமே. தடிமன், காய்ச்சல் என்றால் புறக்கோட்டைக் கபோஸ் ஒழுங்கைக்கு ஆளனுப்பி மருந்துச் சரக்கு வாங்குவது இப்பகுதியார்க்குப் பழக்கமானது. பொட்டலம் வீடு வந்து சேரும். அதனை எவ்வளவு நீரில், எந்தத் தீயில், எதுவரை காய்ச்சுவது என்று கேட்டால் வீட்டு இளைஞர் பாட்டியின் முகத்தைப் பார்ப்பர். பாட்டி இல்லாத வீட்டில் யார் முகத்தைப் பார்ப்பது? இக்கேள்வியே இக்கட்டுரை எழுதக் காரணமாயிற்று.

நம் வைத்திய ஏடுகள் குடிநீர் செய்யும் முறை கூறுமிடத்துப் பலகாலும் சொல்லும் விதி ஒன்றுண்டு. எட்டுப் பங்கு நீரை ஒரு பங்காக வற்றக் காய்ச்சுக என்பதே அது. சிங்கள வைத்தியர் மரபும் இதுவே. எட்டுப் 'பத' நீர் ஒரு 'பத' ஆகச் சுண்டவேண்டும் என்பர். ஒரு பத ஏறத்தாழ 240 மில்லிலீற்றர். ஒரு கஷாயத்துக்குரிய சரக்கின் மொத்த நிறை 12 'களந்த'. களந்த என்பது வேறன்று, நம் கழஞ்சுதான். கழஞ்சு ஒன்று ஏறத்தாழ 5 கிராம் ஆதலால் மொத்தம் 60 கிராம். சரக்கு மூன்றாயின் நந்நான்கு கழஞ்சு, நான்காயின் மும்மூன்று, ஆறாயின் இவ்விரண்டு. கொத்தமல்லி, வேர்க்கொம்பு, பற்படாகம், கண்டங்கத்தரி, மரமஞ்சள் என்னும் ஐந்தும் சேர்ந்த 'பஸ்பங்குவ'வில் ஒவ்வொன்றுக்கும் 12 கிராம் வரும். கணக்கு எளிது. எளிய கணக்கென்று எவரும் எழுதிவைக்காமையால் அதுவே முதலில் மறந்துபோகிறது.

ஏடு இருந்தால் போதாதா என்று சிலர் கேட்கலாம். யாழ்ப்பாணத்து மன்னர் செகராசசேகரன், பரராசசேகரன் என்னும் பெயர்களை மாறிமாறிச் சூடியவர்கள். அப்பெயர்களாலேயே வழங்கும் வைத்திய நூல்கள் இரண்டும் நமக்குக் கிடைத்துள்ளன. ஏழாலை ஐ. பொன்னையா அவர்கள் 1928ஆம் ஆண்டு தொடங்கிப் பரராசசேகரத்தைப் பகுதி பகுதியாக அச்சேற்றி அழியாது காத்தார். அப்பெருந்தொண்டினால் நூலின் சொற்கள் பிழைத்தன. ஆனால் கழஞ்சு, பலம், வராகனெடை என்று எழுதிய காலத்துத் தராசும் படிக்கல்லும் ஏட்டோடு கூட வரவில்லை.

இதனால் நேரும் இடரைப் பாருங்கள். இந்திய அரசு வெளியிட்ட சித்த மருத்துவ யோகத் தொகுப்பில் ஒரு பலம் 35 கிராம். அதே அரசின் ஆயுர்வேத யோகத் தொகுப்பில் ஒரு பலம் 48 கிராம். சொல் ஒன்று, நிறை இரண்டு. ஒரு மரபின் ஏட்டை மற்றொரு மரபின் படிக்கல்லால் நிறுப்பவர் மூன்றிலொரு பங்குக்கு மேலாகவே மருந்தைக் கூட்டிவிடுவார். கொத்தமல்லியில் இது பெரும்பிழையாகாது. நஞ்சுச் சரக்கில் உயிர்ப்பிழையாகும்.

இத்துன்பம் நமக்கு மட்டும் உரியதன்று. கொழும்பு நூதனசாலையில் காலியிலே கண்டெடுத்த கல்லொன்று உளது. சீனக் கடற்றலைவன் செங் ஹோ கொணர்ந்த 1409ஆம் ஆண்டுச் சாசனம் அது. சீனம், தமிழ், பாரசீகம் என்னும் மும்மொழியில் பொன், வெள்ளி, எண்ணெய் முதலிய காணிக்கைகளை அளவோடு கூறுகிறது. அளவைக் கல்லில் வெட்டிய அச்சீன நாடே தன் மருந்தின் அளவைத் தொலைத்துத் தேடிய கதை நாம் அறியவேண்டியது.

ஏறத்தாழ 1800 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த சாங் சுங்-சிங் என்னும் சீன வைத்தியர் தம் குடிநீர்களுக்கு 'லியாங்' என்னும் நிறையால் அளவு கூறினார். காலந்தோறும் அரசுகள் மாற, லியாங்கும் மாறியது. 16ஆம் நூற்றாண்டில் லீ ஷி-சென் என்னும் பேரறிஞர், பண்டை லியாங் ஒன்றைத் தம் காலத்துச் 'சியென்' ஒன்றாகக் கொள்ளலாம் என்றார். சியென் என்பது லியாங்கில் பத்திலொன்று. சீன அரசு 1979இல் மருந்துகளைக் கிராமில் நிறுக்க விதித்தபோது சியென் ஒன்றை 3 கிராம் என வகுத்தது. ஆனால் அப்பண்டைக் காலத்து வெண்கலப் படிக்கற்களை ஆய்வாளர் நிறுத்துப் பார்த்தபோது, பழைய லியாங் ஏறத்தாழ 14 முதல் 16 கிராம் வரை இருந்ததெனக் கண்டனர். ஒரே ஏடு, ஒரே சரக்கு, அளவோ ஐந்து மடங்கு வேறுபாடு! எது சரியென்று அந்நாட்டு வைத்தியர் இன்றும் வாதிடுகின்றனர்.

அளவோடு பக்குவமும் சேரவேண்டும். வச்சநாவியை நம்மவர் கோசலத்தில் ஊறவைத்துச் சுத்தி செய்தபின்பே மருந்தில் சேர்ப்பர். சீனர் அவ்வினக் கிழங்கைப் பக்குவப்படுத்தியதோடு அமையாது, மற்றச் சரக்குகளைப் போடுமுன் அதனைத் தனியே அரைமணி முதல் ஒரு மணிநேரம்வரை கொதிக்கவைப்பர். நெடுநேரம் கொதிக்க அதன் கொடிய நஞ்சு சிதைந்து தணிகிறது என்பதை இரசாயன நூலாரும் ஒப்புவர். மணமுள்ள தழைகளையோ இறக்குந் தறுவாயிலேயே இடுவர். முன்னரே இட்டால் மணத்தோடு குணமும் ஆவியாய்ப் போகும். சுக்கின் தோலையும் கடுக்காயின் கொட்டையையும் நஞ்செனக் கழித்த நம் பாட்டிமாரும் இவ்வறிவின் வழி வந்தவரே.

பெயர் மயக்கத்தால் விளைந்த கேட்டுக்கும் ஓர் உதாரணம் உண்டு. பெல்ஜியம் நாட்டுப் பிரசெல்ஸ் நகரில் உடல் மெலியச் சீன மூலிகை கலந்த மருந்துண்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் பழுதாயிற்று. 1993இல் இது வெளியாயிற்று. பின்னர் நூற்றுக்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர் எனத் தெரிந்தது. ஏறத்தாழ ஒரே பெயர் கொண்ட இரு மூலிகைகளுள் ஒன்றுக்கு மற்றொன்று மாறியதே காரணம். மாறிப் புகுந்த அம்மூலிகையின் இனத்தைச் சேர்ந்தவையே நம் நாட்டு ஈசுரமூலியும் ஆடுதீண்டாப்பாளையும். 'மூலிகைதானே, என்ன செய்யும்?' என்பார்க்கு இதுவே விடை.

நம் நாட்டில் 1929இல் பொரளையில் சுதேச வைத்தியக் கல்லூரி தோன்றியது. 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் வைத்தியர்களைப் பதிவு செய்ய வழிவகுத்தது. ஆகவே நோய்க்கு மருந்து வகுப்பதும் நஞ்சுச் சரக்கைக் கையாள்வதும் கற்றுப் பதிவுபெற்ற வைத்தியர்க்கே உரியன. நமக்குரியது எது? வள்ளுவர் மருந்ததிகாரத்தில் வைத்தியத்தை நான்கு கூறாக்கினார். நோயாளி, வைத்தியன், மருந்து என மூன்றைச் சொல்லி, அருகிருந்து மருந்தை ஆக்கிக் கொடுப்பவனை நான்காவதாக வைத்தார். அந்த நான்காம் இடம் வீட்டாருக்குரியது, இளைஞராகிய உங்களுக்குரியது.

பெரியோர் அறிந்ததை மறையாது சொல்வாராக. இளைஞர் ஒரு சிறு காரியம் செய்வாராக. பாட்டி அள்ளிப்போடும் 'ஒரு பிடி' கொத்தமல்லியை அடுத்தமுறை அடுப்பில் இடுமுன் தராசில் வைத்து நிறுங்கள். அவர் வார்க்கும் நீரை அளந்து பாருங்கள். வற்றிய குடிநீரையும் அளந்து பாருங்கள். கிராமிலும் மில்லிலீற்றரிலும் திகதியிட்டு ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். ஏட்டோடு வராத தராசை நம் பிள்ளைகளுக்கு நாம் அவ்வாறே கொடுக்க முடியும்.