நாட்குறிப்புகளின் இணையப் பதிப்பு

ஒருவர் தமக்கென்று எழுதி வைத்த நாட்குறிப்பையோ குறிப்பேட்டையோ படமாகவும் எழுத்தாகவும் மாற்றி, எவரும் படிக்கும்படி இணையத்தில் ஏற்றுவது நாட்குறிப்புகளின் இணையப் பதிப்பு எனப்படும். மறைந்தவர்களின் டைரிகள், அறிவியலாளர்களின் குறிப்பேடுகள், கப்பல்களின் பதிவேடுகள், இன்று இருப்பவர்கள் நேரே இணையத்திலேயே எழுதிவரும் அன்றாடக் குறிப்புகள் எல்லாம் இதில் அடங்கும்.

நாட்குறிப்பு எழுதுகிறவர் பெரும்பாலும் ஏதோ ஒரு பூட்டைப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறார். சுருக்கெழுத்து ஒரு பூட்டு; சங்கேதம் ஒரு பூட்டு; வீட்டாருக்கோ மேலதிகாரிக்கோ தெரியாத மொழி இன்னொரு பூட்டு. அச்சுக் காலத்தில் அதைத் திறக்கும் வேலை ஒரு பதிப்பாசிரியருடையதாக இருந்தது. எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்பதையும் அவரே முடிவு செய்தார். இணையத்தில் அது ஊர்கூடித் தேர் இழுக்கும் வேலையாகிவிட்டது.

பீப்ஸின் டைரி

இத்துறையில் முன்மாதிரியாகச் சொல்லத்தக்கது சாமுவேல் பீப்ஸின் டைரி. பீப்ஸ் (1633–1703) இங்கிலாந்தின் கடற்படை நிர்வாகத்தில் உயர் அதிகாரியாக இருந்தவர். 1660 ஜனவரி 1 அன்று எழுதத் தொடங்கி, 1669 மே 31 அன்று, கண்பார்வை போய்விடும் என்ற அச்சத்தில் நிறுத்தினார். பார்வை போகவில்லை, பிறகும் 34 ஆண்டுகள் வாழ்ந்தார். ஆனால் அப்படியொரு டைரியை மறுபடி எழுதவில்லை. ஆறு தொகுதிகளில் ஏறக்குறைய பன்னிரண்டரை லட்சம் சொற்கள். 1665ஆம் ஆண்டின் கொள்ளைநோயும் 1666ஆம் ஆண்டின் லண்டன் பெருந்தீயும் நேரில் பார்த்தவரின் பதற்றத்தோடு அதில் பதிவாகியுள்ளன. ஊர் எரிந்துகொண்டிருந்தபோது தோட்டத்தில் குழி தோண்டித் தம் ஒயினையும் பார்மசான் பாலாடைக்கட்டியையும் புதைத்து வைத்த கதையும் அதில்தான் இருக்கிறது. மனைவி எலிசபெத்துக்குத் தெரியாமல் நடந்தவற்றுக்கும் குறைவில்லை.

முழுவதையும் பீப்ஸ், தாமஸ் ஷெல்டன் என்பவர் வகுத்த சுருக்கெழுத்தில் எழுதினார். மிக அந்தரங்கமான இடங்கள் வந்தால் ஸ்பானியம், பிரெஞ்சு, லத்தீன் சொற்களைக் கலந்துவிடுவார். ஆயினும் அவர் டைரியை எரித்துவிடவில்லை. பைண்டு செய்து, தம் 3,000 நூல்களோடு சேர்த்து, தாம் படித்த கேம்பிரிட்ஜ் மாடலின் கல்லூரிக்குப் போய்ச் சேரும்படி உயில் எழுதினார். நூல்கள் 1724இல் அங்கே வந்தன. யாராவது ஒருநாள் படிக்கட்டும் என்ற ஆசை அந்த உயிலுக்குள் ஒளிந்திருந்தது என்று நினைக்க இடமுண்டு.

சுமார் நூறு ஆண்டுகள் எவரும் படிக்கவில்லை. 1819இல் ஜான் ஸ்மித் என்ற மாணவர் அந்தச் சுருக்கெழுத்தை அவிழ்க்க அமர்த்தப்பட்டார். மூன்றாண்டு மண்டையை உடைத்துக்கொண்டு அவர் முடித்தார். ஷெல்டனின் சுருக்கெழுத்துக் கையேடு பீப்ஸின் அதே நூலகத்திலேயே இருந்தது என்பது அவருக்குத் தெரியாது. 1825இல் வந்த முதல் அச்சு வெறும் சுருக்கம். 1893 முதல் ஹென்றி வீட்லி கொண்டுவந்த பதிப்பு ஏறக்குறைய முழுமையானது; விரசம் என்று அவர் கருதிய வரிகள் மட்டும் இல்லை. லேத்தமும் மேத்யூஸும் 1970 முதல் 1983 வரை வெளியிட்ட 11 தொகுதிகளில்தான் ஒன்றும் விடாமல் வந்தது.

லண்டனைச் சேர்ந்த இணைய வடிவமைப்பாளர் ஃபில் கைஃபோர்ட் 2003 ஜனவரி 1 அன்று பீப்ஸின் 1660 ஜனவரி 1 குறிப்பை ஒரு தளத்தில் இட்டார். மறுநாள் மறுநாளுக்குரியதை இட்டார். இப்படியே ஒன்பது ஆண்டு ஐந்து மாதம் நடத்தி, 2012 மே 31 அன்று முடித்தார். எழுத்தை அவர் எடுத்துக்கொண்டது காப்புரிமை தீர்ந்த வீட்லி பதிப்பிலிருந்து. அது குட்டன்பர்க் திட்டத்தில் இலவசமாகக் கிடைத்தது. ஒவ்வொரு நாளின் கீழும் வாசகர்கள் விளக்கம் எழுதினார்கள். அந்தக் கால நாணயத்தின் மதிப்பு, ஒரு தெரு இன்று இருக்கும் இடம், ஒரு பலகாரத்தின் செய்முறை, கப்பல் கட்டும் மரத்தின் வகை என்று எதையும் அவர்கள் விடவில்லை. வீட்லி வெட்டிய இடங்களையும் பிற்காலப் பதிப்பைக் கையில் வைத்திருந்தவர்கள் சுட்டிக்காட்டினார்கள்.

இதில் புதுமை தொழில்நுட்பம் அல்ல, வேகத்தைக் குறைத்ததுதான். நூலாகப் படித்தால் பீப்ஸின் ஒரு குளிர்காலம் ஒரு பிற்பகலில் தீர்ந்துவிடும். தளத்தில் அது ஒரு குளிர்காலம் முழுக்க நீடித்தது. பத்திரிகைத் தொடர்கதையின் அடுத்த அத்தியாயத்துக்காக வாரம் முழுக்கக் காத்திருந்த தலைமுறைக்கு இந்தச் சுவை விளக்காமலே புரியும். டைரி முடிந்ததும் 2013இல் மீண்டும் தொடங்கியது; மூன்றாம் சுற்று 2023 ஜனவரி 1 அன்று தொடங்கியது. ஜார்ஜ் ஆர்வெல்லின் நாட்குறிப்புகளும் 2008 ஆகஸ்ட் 9 முதல் இதே முறையில், சரியாக 70 ஆண்டு இடைவெளியில், நாளுக்கு நாள் வெளியாயின.

படமும் எழுத்தும்

நாட்குறிப்பை இணையத்தில் ஏற்றுவதில் இரண்டு கட்டங்கள் உண்டு. முதலாவது படமெடுத்தல். நூலின் முதுகு முறியாதபடி தொட்டில் போன்ற தாங்கியில் சாய்த்து வைத்து, மேலிருந்து ஒவ்வொரு பக்கமாக எடுப்பார்கள். இரண்டாவது, கையெழுத்தைப் படித்துத் தட்டச்சு செய்தல். படம் மட்டும் இருக்கும் குறிப்பேட்டில் எதையும் தேட முடியாது. கையெழுத்து பிடிபடாதவருக்கு அது வெறும் ஓவியம். பல நூலகங்கள் முதல் கட்டத்தோடு நின்றுவிட்டு, வேலை முடிந்ததாக அறிவித்துவிடுகின்றன.

முதல் கட்டம் பயனற்றது என்று சொல்லவும் முடியாது. சார்லஸ் டார்வின் 1837இல் உயிர்களின் கிளைபிரிதலை ஒரு மரம்போல் கோடிழுத்துக் காட்டிய குறிப்பேடு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் இருந்தது. 2000ஆம் ஆண்டில் அதையும் இன்னொரு குறிப்பேட்டையும் படமெடுப்பதற்காக வெளியே எடுத்தார்கள். 2001 ஜனவரியில் சரிபார்த்தபோது இரண்டும் இல்லை. எங்கோ மாறி வைக்கப்பட்டிருக்கும் என்று பல ஆண்டுகள் தேடி, 2020இல்தான் காவல்துறையிடம் போனார்கள். 2022 மார்ச்சில் யாரோ ஒரு இளஞ்சிவப்புப் பரிசுப் பையில் இரண்டையும் போட்டு, நூலகருக்கு ஈஸ்டர் வாழ்த்தும் எழுதி, நூலகத்துக்குள்ளேயே வைத்துவிட்டுப் போயிருந்தார். இடைப்பட்ட 21 ஆண்டுகளும் அந்த மரத்தைப் பார்க்க விரும்பியவர்கள் படத்தைத்தான் பார்த்தார்கள்.

இரண்டாம் கட்டத்துக்கு ஆள் பலம் வேண்டும். 2010இல் தொடங்கிய 'ஓல்டு வெதர்' திட்டம், முதல் உலகப்போர்க் காலப் பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் பதிவேடுகளைத் தன்னார்வலர்களிடம் கொடுத்தது. மாலுமிகள் சில மணிக்கொருமுறை குறித்து வைத்த காற்றழுத்தம், வெப்பநிலை, காற்றின் திசை ஆகியவை பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வானிலைப் பதிவுகளாகத் தட்டச்சேறின. கடலின் நடுவே அந்த ஆண்டுகளில் வானிலை எப்படி இருந்தது என்று அறிய அவற்றைத் தவிர வழி குறைவு. இன்றைய பருவநிலை ஆய்வாளர்கள் அவற்றைப் பயன்படுத்துகிறார்கள்.

யார்க்‌ஷயரின் ஹாலிஃபாக்ஸ் ஊரில் வாழ்ந்த நிலவுடைமையாளர் ஆன் லிஸ்டரின் (1791–1840) டைரி இன்னும் கடினமான வேலை. ஏறக்குறைய 50 லட்சம் சொற்கள். அதில் ஆறில் ஒரு பங்கு கிரேக்க எழுத்துகளும் கணிதக் குறிகளும் கலந்து அவரே அமைத்த சங்கேதத்தில் இருக்கிறது. பெண்களோடு அவருக்கிருந்த காதல் அங்கேதான் எழுதப்பட்டுள்ளது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவர் வம்சத்தைச் சேர்ந்த ஜான் லிஸ்டரும் ஆர்தர் பரல் என்ற நண்பரும் அதைக் கண்டுபிடித்துப் படித்து அரண்டுபோனார்கள். எரித்துவிடு என்றார் நண்பர். ஜான் லிஸ்டர் எரிக்காமல், குடும்ப வீடான ஷிப்டன் மாளிகையின் மரப் பலகைச் சுவருக்குப் பின்னால் மறைத்து வைத்தார். 2019இல் ஆன் லிஸ்டரின் வாழ்க்கை தொலைக்காட்சித் தொடராக வந்த பிறகு, உலகின் பல மூலைகளிலிருந்தும் தன்னார்வலர்கள் முன்வந்து பக்கம் பக்கமாக எழுத்துப்பெயர்த்தார்கள். சங்கேதத்தின் திறவுகோல் இன்று எவருக்கும் கிடைக்கிறது.

கையெழுத்தைக் கணினியே படிக்கும் மென்பொருள்களும் வந்துவிட்டன. ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக் பல்கலைக்கழகத்தில் உருவான 'டிரான்ஸ்கிரிபஸ்' அவற்றுள் பெயர்பெற்றது. ஒருவரின் கையெழுத்தில் சில பல பக்கங்களை மனிதர் படித்துக்கொடுத்தால், அதைக் கொண்டு மீதியை அது ஊகிக்கும். பழைய தமிழ்க் கையெழுத்தில் சிக்கல் கூடுதல். புள்ளி இராது, சொற்களுக்கு நடுவே இடைவெளி இராது, எகர ஏகாரம் சூழலைப் பார்த்துத்தான் பிரியும். நாள், மாதம், வருடம், பற்று, வரவு, மேற்படி ஆகியவற்றுக்குக் கணக்குப்பிள்ளைகள் போட்டுவந்த ௳ ௴ ௵ ௶ ௷ ௸ என்ற குறிகள் யூனிகோடில் 2003இல்தான் இடம்பெற்றன. அதுவரை பழைய கணக்கேடு ஒன்றின் தேதியைக்கூட உள்ளபடி தட்டச்சு செய்ய வழி இல்லை.

ஆனந்தரங்கரின் தினப்படி

புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்குத் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை (1709–1761) 1736 முதல் இறக்கும்வரை எழுதிய தினப்படி சேதிக் குறிப்பு, தமிழில் உள்ள நாட்குறிப்புகளுள் தலையாயது. சரக்குக் கப்பல்களின் வரவு, அரண்மனைக் கிசுகிசு, 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தது, ஆளுநர் மனைவியின் தலையீடுகள் எல்லாம் கலந்து கிடக்கும். தம் எசமானர்கள் படிக்க முடியாத மொழியில் எழுதியதால் வந்த துணிச்சல் வரிக்கு வரி தெரிகிறது. 1846இல் கலுவா மொம்பிரேன் என்ற பிரெஞ்சு அதிகாரியின் கண்ணில் பட்டது. சென்னை அரசு 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டது.

அந்த ஆங்கிலத் தொகுதிகள் இன்று இணைய ஆவணக் காப்பகத்தில் இலவசமாக, சொல் தேடும் வசதியோடு கிடைக்கின்றன. தமிழில் எழுதியதைத் தேடிப் போகும் தமிழ் வாசகர் முதலில் எட்டுவது ஆங்கிலத்தைத்தான். மூலத்தின் பேச்சு வழக்கும் வணிகச் சொற்களும் மொழிபெயர்ப்பில் நேர்த்தியான அலுவலக ஆங்கிலமாகிவிட்டதால், இது சின்ன இழப்பல்ல.

உரிமையும் சம்மதமும்

நாஜிகளுக்கு அஞ்சி ஒளிந்திருந்து டைரி எழுதிய யூதச் சிறுமி ஆன் ஃபிராங்க் 1945இல் இறந்தார். ஐரோப்பிய ஒன்றியத்தில் பொது விதி, எழுதியவர் இறந்து 70 ஆண்டுவரை காப்புரிமை. அந்தக் கணக்கில் 2016 ஜனவரி 1 அன்று பிரான்சில் சிலர் டச்சு மூலத்தை இணையத்தில் ஏற்றினார்கள். அடுத்த மாதமே விக்கிமீடியா அறக்கட்டளை தன் தளத்திலிருந்த பிரதியை நீக்கியது. அமெரிக்கச் சட்டப்படி அதற்கு இன்னும் உரிமை இருந்தது. 2021இல் ஆய்வாளர்கள் கையெழுத்துப் படிகளை முழுமையாக ஒரு தளத்தில் வைத்தார்கள். அது பெல்ஜியத்தில் திறக்கும். அவர் ஒளிந்திருந்து எழுதிய வீடு நிற்கும் நெதர்லாந்தில் திறக்காது.

பிரிட்டனில் வெளிவராத பழைய கையெழுத்துகள் பலவற்றுக்கு, எழுதியவர் எந்த நூற்றாண்டில் இறந்திருந்தாலும், 2039 இறுதிவரை உரிமை நீடிக்கிறது. 2014இல் முதல் உலகப்போர் நூற்றாண்டின்போது லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகமும் ஸ்காட்லாந்து தேசிய நூலகமும் இதை எதிர்த்து, போர்வீரர்களின் கடிதங்கள் இருக்க வேண்டிய கண்ணாடிப் பெட்டிகளை வெறுமையாக வைத்தன. இந்தியாவில், எழுதியவர் இறந்த பிறகு வெளிவரும் எழுத்துக்கு, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு உரிமை. பரணில் கிடக்கும் தாத்தாவின் டைரியைக் கையில் வைத்திருப்பவரும் அதை வெளியிட உரிமை உள்ளவரும் வெவ்வேறு ஆளாக இருக்கலாம். அதில் கடன் வாங்கியவராகவும் பேச்சு நின்றுபோனவராகவும் வரும் பக்கத்து வீட்டுக்காரரின் பிள்ளைகள் இன்னும் அதே தெருவில் இருக்கலாம்.

சட்டம் இடம் கொடுத்தாலும் தீராத கேள்வி ஒன்றுண்டு. ஆன் ஃபிராங்க் 1942 செப்டம்பர் 28 அன்று எழுதிய இரண்டு பக்கங்களின் மேல் பழுப்புத் தாளை ஒட்டி மறைத்திருந்தார். ஆய்வாளர்கள் பின்னாலிருந்து ஒளி பாய்ச்சிப் படமெடுத்து, மென்பொருளால் எழுத்துகளைப் பிரித்துப் படித்து, 2018இல் வெளியிட்டுவிட்டார்கள். இருந்தவை சில விரசத் துணுக்குகளும் பாலியல் பற்றிய வரிகளும்தான். பதின்மூன்று வயதுப் பெண் வேண்டாமென்று ஒட்டியதைப் பிரிக்க அவர்களுக்கு ஆய்வு மதிப்பு போதுமான காரணமாக இருந்தது. இக்கட்டுரையாளருக்கு அது போதவில்லை.

இணையத்திலேயே பிறந்தவை

அமெரிக்க மாணவர் ஜஸ்டின் ஹால் 1994இல் தம் அன்றாடத்தை நேரே வலைப்பக்கமாக எழுதத் தொடங்கினார். 1998இல் வந்த 'ஓப்பன் டைரி' பலர் ஒரே இடத்தில் நாட்குறிப்பு எழுதவும், படித்தவர்கள் பதில் எழுதவும் வழி செய்தது. மறு ஆண்டு தொடங்கிய 'லைவ்ஜர்னல்' இன்னொரு பழைய பொருளைத் திரும்பக் கொண்டுவந்தது: பூட்டு. ஒரு குறிப்பை எல்லாருக்கும் காட்டலாம், நண்பர்களுக்கு மட்டும் காட்டலாம், தனக்கே வைத்துக்கொள்ளலாம்.

தனிநபர் வலைப்பக்கங்களைத் தாங்கியிருந்த 'ஜியோசிட்டீஸ்' தளத்தை 2009இல் யாகூ மூடியபோதும், 2014இல் 'ஓப்பன் டைரி' மூடப்பட்டபோதும் (அது 2018இல் திரும்ப வந்தது) பல ஆண்டுகளின் நாட்குறிப்புகள் ஒரே நாளில் கண்ணிலிருந்து மறைந்தன. திறந்து கிடந்த பக்கங்களில் ஒரு பகுதி இணைய ஆவணக் காப்பகத்தில் தங்கியிருக்கிறது. நண்பர்களுக்கென்று பூட்டியவற்றை அதன் நகலெடுக்கும் மென்பொருள் எட்டிப் பார்த்ததே இல்லை.