வாயிலில் அமர்ந்த சிறுவன்

புதன்கிழமைதோறும் அந்தச் சிறுவன் வாயிலை நோக்கி அமர்ந்திருப்பான். அன்றுதான் பெற்றோர் வந்து பார்க்கும் நாள். கார்கள் வரும், கதவுகள் திறக்கும், மற்றப் பிள்ளைகள் ஓடுவர். அவனைத் தேடி மட்டும் எவரும் வாரார்!

1963இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘எ சைல்ட் இஸ் வெயிட்டிங்’ திரைப்படத்தின் காட்சி இது. அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளின் அரசு இல்லமே கதைக்களம். இல்லத் தலைவராக பர்ட் லங்காஸ்டர். இசை கற்பிக்க வரும் ஆசிரியையாக ஜூடி கார்லண்ட். ஒரே பிள்ளைமீது பரிவைக் கொட்டி, மற்றவர்களை மறக்கிறார் ஆசிரியை. கரும்பலகையின் முன் நிற்கும் எனக்கு அந்தத் தவறு அந்நியமானதன்று.

அச்சிறுவனாக நடித்தவன் பயின்ற நடிகன். உடனிருந்த பிள்ளைகளோ பெரும்பாலோர் நடிகர்களல்லர். கலிபோர்னியாவின் பொமோனா நகரத்துப் பசிபிக் அரசு மருத்துவமனையில் உண்மையாகவே வாழ்ந்தவர்கள். அந்த மருத்துவமனையின் வரலாற்றைப் புரட்டினால் உள்ளம் நடுங்கும்!

அதன் பழைய பெயர் பசிபிக் காலனி. ‘குறை குருதியில் வருகிறது, குலத்தோடு தொடர்கிறது’ என்று விஞ்ஞானத்தின் பெயரால் ஓதியவர்களின் காலம் அது. 1909இல் கலிபோர்னியா சட்டம் செய்தது. ஏறத்தாழ 20,000 பேரின் மகப்பேற்று ஆற்றல் கத்தியால் பறிக்கப்பட்டது. பசிபிக் காலனியிலும் அது நடந்தது. 1927இல் வர்ஜீனியாவின் இத்தகைய சட்டமொன்றை, எட்டு நீதிபதிகள் ஆதரிக்க, ஒரே ஒருவர் மறுக்க, நாட்டின் உச்சநீதிமன்றமே செல்லுமென்றது. அவ்வழக்கின் கேரி பக் என்ற பெண்ணுக்கு அறிவுக் குறையே இல்லை என்பது பின்னர்த் தெரிந்தது. தெரிந்து என்ன பயன்? பிறப்பை வைத்து மனிதனை அளந்தவர்கள் அளவுகோலைச் சோதிக்கவே இல்லை!

பிள்ளைகள் காமிராவின் முன் சிரித்த நாளிலும் அந்தச் சட்டம் ஏட்டில் இருந்தது. 1979இல்தான் அது நீக்கப்பட்டது.

படத்தை உருவாக்கியவர்களுக்குள்ளும் பூசல். இயக்குநர் ஜான் கசவெட்டிஸ் கோர்த்ததைத் தயாரிப்பாளர் ஸ்டான்லி கிராமர் ஏற்கவில்லை. படத்தொகுப்பிலிருந்து அவரை விலக்கித் தம் விருப்பப்படி முடித்தார். இத்தகைய பிள்ளைகள் தம்மையொத்தவரோடு தனியிடத்தில் இருப்பதே நலம் என்பது தயாரிப்பாளரின் படம் சொல்லும் செய்தி என இயக்குநர் குறை கூறினார். அவர்கள் எங்கும் வாழத் தக்கவர்கள், கோளாறு நம்மிடமே என்பது அவர் கட்சி. வெளிவந்த படத்தை அவர் தமதென ஏற்கவில்லை. பிள்ளைகளின் முகங்களை மட்டும் எந்தக் கத்தரியாலும் மாற்ற முடியவில்லை. வசனம் தடுமாறும் இடங்களில் அந்த முகங்கள்தாம் பேசுகின்றன.

எவர் கட்சி வென்றது? 1969இல் லான்டர்மன் சட்டம் வந்து, இத்தகையோர் ஊராரோடு வாழ உதவிபெறும் உரிமைக்கு வழி திறந்தது. 1975இல் பொதுப் பள்ளியில் கல்வி பெறும் உரிமையை நாடு முழுமைக்கும் சட்டமாக்கினர். பொமோனா இல்லம் லான்டர்மன் பெயரைச் சூடிக்கொண்டு மேலும் பல ஆண்டுகள் நின்றது. அங்கிருந்தோர் சிறிது சிறிதாக ஊருக்குள் குடியேற, 2014 டிசம்பரில் அதன் வாயில் மூடப்பட்டது.