கணேஷ்கிண்டில் பிறந்த கணினி: அறிவுச் செல்வமும் அரசுகளின் போட்டியும்

நம்மில் பல குடும்பங்கள் தாபோடிக்கும் கட்கிக்கும் வந்து சேர்ந்தது ராணுவத்தாலும் வெடிமருந்துத் தொழிற்சாலையாலும் ரயில்வேயாலும்தான். கட்கித் தொழிற்சாலை 1869இல் ஏற்பட்டது. ரூர்க்கியில் 1943இல் தொடங்கிய ராணுவப் பொறியியல் பள்ளி 1948இல் நம் தாபோடிக்கு வந்து, பின்னர் கல்லூரியாயிற்று. நாட்டின் பாதுகாப்பு என்றால் துப்பாக்கி, பாலம், வெடிமருந்து என்றுதான் நம் பெரியவர்கள் நினைத்திருந்தார்கள்.

நான் இதே ஊரில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவன். பட்டம் பெற்றவன் அல்லன். பழைய சங்கதிகளைத் தோண்டிப் பார்க்கும் பழக்கம் மட்டும் உண்டு. இன்று செயற்கை நுண்ணறிவுக்காக நாடுகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. இதற்கான முதற் பாடம் நம் வீட்டுப் பக்கத்திலேயே முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நடந்தேறியது என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

மறுக்கப்பட்ட இயந்திரம்

பம்பாய் கவர்னரின் புனே மாளிகை ஒரு காலத்தில் தாபோடியில் இருந்தது. 1828இல் அரசின் தாவரவியல் தோட்டமும் இங்கேதான் அமைந்தது. 1860களில் கணேஷ்கிண்டில் புது மாளிகை எழும்பத் தொடங்கி, கவர்னர் அங்கே மாறினார். அந்த மாளிகைதான் பின்னாளில் புனே பல்கலைக்கழகத்தின் தலைமைக் கட்டடமாயிற்று. அதே பல்கலைக்கழக வளாகத்தில், 1988இல் மத்திய அரசு தொடங்கிய சி-டாக் என்னும் கணினி மையம் இடம் பிடித்தது.

ஏன் தொடங்கினார்கள்? 1980களில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கு அமெரிக்காவின் 'கிரே' மீக்கணினி வேண்டுமென்று கேட்டோம். அமெரிக்கா தயங்கியது. மழையைக் கணிக்கிற இயந்திரம் ஏவுகணையின் பாதையையும் கணிக்கும், அணுகுண்டின் கணக்கையும் போடும் என்பது அவர்கள் அச்சம். கடைசியில் அதைவிடச் சிறிய இயந்திரம் ஒன்றைத் தில்லியில் வானிலை ஆய்வுக்கு மட்டும், நிபந்தனைகளோடு தந்தார்கள்.

அப்போதுதான் நாமே செய்வோம் என்ற முடிவு வந்தது. தலைமை விஜய் பட்கர். கெடு 3 ஆண்டு. ஒதுக்கீடு சுமார் 30 கோடி ரூபாய். 1991இல் 'பரம் 8000' தயாராயிற்று. மாஸ்கோவிலும் ஒன்று நிறுவப்பட்டது.

இதன் சூட்சுமத்தை எங்கள் வியாபாரப் பாஷையில் சொல்கிறேன். ஒரு பெரிய பயில்வான் கிடைக்கவில்லை. 64 சாதாரண ஆட்களை வைத்து லாரிச் சுமையை இறக்க வேண்டும். ஆள் இருந்தால் மட்டும் போதுமா? யார் எதைத் தூக்குவது, ஒருவர் மேல் ஒருவர் முட்டாமல் எந்த வழியாகப் போவது என்று ஏவுகிற மேஸ்திரி வேண்டாமா? பரம் கணினியில் 64 ஆட்களாக இருந்தவை பிரிட்டனின் இன்மாஸ் நிறுவனம் உருவாக்கிய 'டிரான்ஸ்பியூட்டர்' சிப்புகள். அவை விலைக்கு வாங்கியவை. மேஸ்திரி வேலை, அதாவது அவற்றை இணைத்து ஓட்டும் அமைப்பும் மென்பொருளும், இங்கிருந்த இளம் பொறியாளர்களுடையது. ஆகவே முழுக்க முழுக்கச் சுதேசி என்று மார் தட்டிக்கொள்ள முடியாது. ஆனால் மறுக்க முடியாத பங்கு நம்மிடம் இருந்தது எனலாம்.

மறுபடியும் அதே கதை

2020 நவம்பரில் சி-டாக்கின் 'பரம் சித்தி-ஏஐ' உலகின் 500 பெரிய கணினிகளின் பட்டியலில் 63ஆம் இடம் பெற்றது. அதன் உள்ளே இருப்பவை அமெரிக்காவின் என்விடியா சிப்புகள். 2022 அக்டோபரில் அத்தகைய உயர்ரகச் சிப்புகள் சீனாவுக்குப் போவதை அமெரிக்கா தடுத்தது. 2025 ஜனவரியில் வந்த ஒரு விதி இந்தியாவையும் இரண்டாம் வரிசையில் வைத்து அளவு குறித்தது; அமலுக்கு வருமுன்பே மே மாதத்தில் அது கைவிடப்பட்டது. இன்று கைவிட்டதை நாளை மீண்டும் கொண்டுவர எவ்வளவு நேரம் ஆகும்? 2024 மார்ச்சில் நம் அரசு செயற்கை நுண்ணறிவு இயக்கத்துக்குச் சுமார் 10,372 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது.

ஆனால் பணத்தால் சிப்பு வாங்கலாம், மேஸ்திரியை?

ஆள் பிடிக்கும் போட்டி

இன்றைய பேசும் கணினிகளுக்கெல்லாம் அடித்தளமான 'டிரான்ஸ்பார்மர்' என்னும் முறை 2017இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரையில் பிறந்தது. அதை எழுதிய எண்மரில் ஒருவரான நிகி பர்மார் நம் புனேயில் பொறியியல் படித்தவர். மற்றொருவரான ஆசிஷ் வஸ்வானி ராஞ்சி அருகே மெஸ்ராவில் படித்தவர். விதை இந்த மண்ணில் விழுந்தது, விளைச்சல் கூகுள் வயலில்!

ஆட்களைச் சந்தேகித்து விரட்டினால் என்ன ஆகும் என்பதற்கும் சரித்திரம் உண்டு. சியான் சூசென் அமெரிக்காவில் ராக்கெட் ஆய்வை வளர்த்த சீனர். 1950இல் கம்யூனிஸ்ட் என்று ஐயுற்று அவரை ஒதுக்கினார்கள். 1955இல் சீனா திரும்பியவர், அந்நாட்டின் ஏவுகணைத் திட்டத்துக்கே தந்தையானார். பாதுகாப்பின் பேரால் செய்தது எதிரிக்குச் சீதனமாயிற்று.

2025 செப்டம்பரில் அமெரிக்கா எச்-1பி விசாவுக்கு, வெளிநாட்டிலிருந்து புதிதாக அழைக்கும் விண்ணப்பம் ஒவ்வொன்றுக்கும் 1,00,000 டாலர் கட்டணம் விதித்தது. அடுத்த மாதமே சீனா இளம் விஞ்ஞானிகளை ஈர்க்க 'கே' விசாவைத் திறந்தது. ஒருவர் கதவைச் சாத்த, இன்னொருவர் திறக்கிறார்.

நாலடியார் பாடிய சமண முனிவர்கள், கல்வி அரசன் சினந்தாலும் பறிக்க முடியாத செல்வம் என்றார்கள். உண்மைதான். பறிக்க முடியாது என்பதால்தான் அரசர்கள் இன்று அழைக்கிறார்கள், அல்லது தடுக்கிறார்கள்.

வீட்டுக்குள் வந்த சரித்திரம்

இது ஊர்க் கதை மட்டுமில்லை. என் மகள் வயிற்றுப் பேரன் கணினிப் பொறியியல் கடைசி வருஷம் படிக்கிறான். அமெரிக்கப் படிப்புக்குக் கடன் பத்திரம் கையெழுத்துக்குக் காத்திருக்கிறது. அவன் அம்மா ஒரு பக்கம் அழுகிறாள். "தாத்தா, போகட்டுமா, இருக்கட்டுமா?" என்று என்னைக் கேட்டான்.

போகாதே என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்தை விட்டு இங்கே வந்தவன் நான். அன்று என் தகப்பனார் தடுக்கவில்லை. அதனால் இப்படிச் சொன்னேன்: "எங்க உனக்கு மேஸ்திரி வேலை கத்துக்கக் கிடைக்குதோ அங்க போப்பா. வெறுமனே சுமை தூக்கறதுக்கு மட்டும் கடன் வாங்காதே. அந்த வேலை இங்கயே கிடைச்சா இங்கயே இரு."

அவன் இன்னும் முடிவு செய்யவில்லை. 1988இல் கணேஷ்கிண்டில் சேர்ந்த இளைஞர்களுக்குச் செய்யத் தகுந்த வேலை ஒன்று கிடைத்தது. அது கிடைத்ததால் சாதித்தார்கள். அப்படிப்பட்ட வேலையை இன்றைய பிள்ளைகளுக்குத் தருவது அரசின் கடமை. அந்த வேலைக்குத் தகுதியாகப் பிள்ளைகளை வளர்ப்பது நம் கடமை. நம் சங்கத்துக் குடும்பங்கள் ஒவ்வொன்றும் தம் வீட்டில் இதைப் பேசிப் பார்க்க வேண்டும் என்பதே அடியேனின் வேண்டுகோள்.